கண்ணால் பார்த்ததை மட்டும்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று உன் வீட்டில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. "பொடிசைக் கூட்டிக்கொண்டு இப்போதே என்னோடு பேருந்தில் ஏறு" என்று நான் சொல்லவில்லை. கொல்லையில் நின்றுகொண்டு, "குடிக்கத் தண்ணி குடுக்கா" என்று மட்டும் கேட்டேன்.

அத்தான் அந்த நீர்நாயைச் சங்கிலியோடு இழுத்து வந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. அதன் முன்கால் இரும்புப் பொறியின் பற்களுக்குள் இருந்தது. குழந்தை விசில் ஊதப் பழகுவதுபோல் கத்திக்கொண்டே வந்தது. பெற்ற மகள் பொடிசைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். "வா, வந்து பாரு. நம்ம குளத்து மீனைத் தின்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கோ." கட்டையின் முதல் அடி தலையில் விழவில்லை. வேண்டுமென்றேதான் தவறவிட்டார் என்று நினைக்கிறேன். முதுகு, இடுப்பு, பின்கால் என்று ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தார். கடைசி அடிக்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மச்சினி, நீ படிக்கிற புஸ்தகத்துல இதெல்லாம் போடமாட்டாங்களா?"

பிறகு கட்டையை உன்னிடம் நீட்டி, கழுவி வைக்கச் சொன்னார். நீ வாங்கியபோது உன் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

பொடிசிடம் எங்கள் நூலகத்தின் போட்டி அறிவிப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். உயிரினப் பாதுகாப்பு பற்றி மாணவர்களுக்கான ஓவிய, எழுத்துப் போட்டி. படமும் அதன் கீழே பத்து வரியும். இந்த வருடம் நான் ஒரு விதி சேர்த்திருக்கிறேன்: கண்ணால் பார்த்ததை மட்டும் வரையவேண்டும், எங்கே பார்த்தது என்றும் சொல்லவேண்டும். அவள் வரையட்டும். கொஞ்ச நேரமாவது அந்தக் கொல்லையை மறந்திருப்பாள்.

பொடிசின் இருமல் நின்றதா? உனக்குத் தூக்கம் வருகிறதா? என் அறை பெரியது. மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

உன் தங்கை


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

இருமல் நின்றுவிட்டது. தூக்கம் வருகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படி.

உன் கடிதம் வந்தபோது நல்லவேளை அவர் மீன் தீவனம் எடுக்கப் போயிருந்தார். இனிமேல் தையல்கடை விலாசத்துக்கே எழுது. பித்தான் தைக்கப் போகும்போது வாங்கிக்கொள்வேன். போன் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

விரல் விஷயம் ஒன்றுமில்லை. மதகுக் கதவில் நசுங்கியது. நீ எதையும் பெரிதாக்குவாய். பல்லிக்கு வால் அறுந்ததற்கு நாள்கணக்கில் அழுதவள்தானே. நீர்நாய்கள் இங்கே குடும்பத்தோடு வந்து குளத்தைக் காலி செய்கின்றன. நட்டம் வந்தால் எந்த ஆணுக்கும் கோபம் வரும். மற்ற நேரத்தில் அவர் நல்லபடியாகத்தான் இருக்கிறார்.

பொடிசு கதவைச் சாத்திக்கொண்டு வரைகிறாள். எட்டிப் பார்த்தால் கத்துகிறாள். "அம்மா, வெளியே போ. யார்கிட்டயும் காட்டக்கூடாது, விதி இருக்கு."

"எந்த ஊர் விதிடி அது?"

"சித்தி விதி."

உன் பெயரைச் சொல்லி என்னை அதட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கன்னம் கொஞ்சம் வீங்கி இப்போது வடிந்துவிட்டது. எப்படியும் கேட்பாய் என்று நானே எழுதிவிட்டேன். மூன்று பேர் படுக்கிற கதையெல்லாம் இனி எழுதாதே.

பாசத்துடன்,
அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விழாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போட்டிக்கு வந்தவை மேஜை கொள்ளாமல் குவிந்து கிடக்கின்றன. என் விதியை யாரும் மதிக்கவில்லை. மூலையில் சூரியன், நடுவில் மரம், மரத்துக்குக் கண்ணும் கண்ணீரும். தபால் பார்க்கும் உதவியாளரை நாங்கள் ஸ்டாம்ப் அண்ணன் என்போம். அவர் ஒவ்வொன்றாக எண் ஒட்டிக்கொண்டே, "ஏம்மா, இந்த ஊர்ல அழாத மரமே கிடையாதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

படைப்பில் பெயர் இருக்காது. பெயரும் விலாசமும் ஒட்டிய தனி உறையில் இருக்கும். ஆனால் பொடிசின் கோடு எனக்குத் தெரியாதா?

உங்கள் குளங்கள், கரை, ஆறு எல்லாம் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறாள். பொறி இருக்கும் இடமெல்லாம் பச்சைப் புள்ளி. கரையின் ஒரு பக்கம் அத்தான் கட்டையை ஓங்கி நிற்கிறார், கீழே நீர்நாய். மறுபக்கம் அதே அத்தான், அதே ஓங்கிய கை. கீழே அடுப்படித் தரை, அதில் நீ. நீர்நாய்க்குப் பூசிய பழுப்பையே உன் சேலைக்கும் பூசியிருக்கிறாள். அடியில் எழுதியிருப்பது பத்து வரிகூட இல்லை:

"என் அப்பா நீர்நாய்களைக் கொல்கிறார். பொறி உள்ள இடங்களைப் பச்சைப் புள்ளியில் காட்டியிருக்கிறேன். யாராவது வந்து எடுத்துவிட்டால் அவை பிழைக்கும். அம்மாவும்."

அக்கா, நடுவர்களில் ஒருவர் வனத்துறை ரேஞ்சர். நீர்நாயைக் கொல்வது குற்றம். இந்தத் தாளை அவர் கையில் கொடுத்தால் மறுநாளே ஜீப்போடு வந்து நிற்பார். அதே ஜீப்பில் நீங்கள் இருவரும் வெளியே வந்துவிடலாம். அடுத்த வாரம் நடுவர்கள் கூடுகிறார்கள். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. நீ சொல்லாமல் நான் எதுவும் செய்யமாட்டேன்.

பொடிசுக்கு என் முத்தம்.

தங்கை


ஆகஸ்ட் 8

தங்கைக்கு,

தையல்கடையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். காட்டாதே. ரேஞ்சர் வந்தால் அபராதம் போடுவார், போய்விடுவார். நாங்கள் இங்கேதான் இருக்கவேண்டும். ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொள்வார்கள் என்று உனக்கு யார் சொன்னது? படம் வரைந்தது யார் என்று உன் அத்தானுக்குத் தெரிந்தால் பிள்ளையை என்ன செய்வார் என்று யோசித்தாயா? என்னை அடிப்பதோடு நிற்கிறது. இதுவரைக்கும் அவள்மேல் கை வைத்ததில்லை. அதை நீ கெடுத்துவிடாதே.

அந்தப் படம் யார் கண்ணிலும் படக்கூடாது. உன் காலில் விழுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்கு.

நடுவர்கள் வருவதற்கு முன் பொடிசின் படத்தை எடுத்துத் தேர்வாகாத கட்டின் அடியில் செருகி, கயிறு கட்டி ஸ்டாம்ப் அண்ணனிடம் கொடுத்தேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன். கை வரவில்லை. வருடாவருடம் அந்தக் கட்டு மேல்மாடிக்குப் போய்த் தூசி தின்னும். அதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ரேஞ்சர் என் எதிரேதான் உட்கார்ந்து டீ குடித்தார். "இந்த வருஷமும் எல்லாம் மரம்தானாம்மா? ஒரு பிராணியைக்கூட எவனும் பார்க்கலையா?" என்று கேட்டார். நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

முதல் பரிசு ஓர் அழுகிற மரத்துக்கு.

"என்னை அடிப்பதோடு நிற்கிறது" என்று நீ எழுதியிருந்தாய். இத்தனை வருடத்தில் நீ அப்படி எழுதியது இதுதான் முதல் தடவை. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். இனி நான் உனக்கு எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீயாகக் கிளம்பு. ஒரு நாள் காலையில் பித்தான் தைக்கப் போவதுபோல் கிளம்பி, பொடிசைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிடு. கதவு திறந்தே இருக்கும்.

இருவருக்கும் என் அன்பு.

தங்கை


செப்டம்பர் 13

மச்சினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ உன் அக்காவுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தானே கேட்கிறாய், அதனால் நானே சொல்கிறேன். கடிதங்களை அவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். மெத்தைக்கு அடியில்.

உங்கள் நூலகத்திலிருந்து தபால் வந்தது. "பங்கேற்ற உங்கள் குழந்தையின் படைப்பைச் சான்றிதழுடன் பெற்றோரின் பார்வைக்கு அனுப்புவதில் மகிழ்கிறோம்." முத்திரை, கையெழுத்து எல்லாம் முறையாக இருக்கிறது. சந்தோஷம். என் மகளுக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னைத்தான் கொஞ்சம் குண்டாகப் போட்டுவிட்டாள்.

படத்தை அடுப்படியில் மாட்டியிருக்கிறேன். வருகிற விடுமுறை நாளில் அந்தப் பச்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நேரில் காட்டச் சொல்லியிருக்கிறேன். கரையில் நடப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

உன் அக்கா இனித் தையல்கடைக்குப் போகமாட்டாள். அதனால் கடிதம் எழுதிச் சிரமப்படாதே. அறையை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு.

உன் அத்தான்


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சிறையில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்று வக்கீல் அம்மா சொன்னார். படிக்கட்டும். உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா? முதுகுக் காயத்துக்கு மருந்து கொடுக்கிறார்களா?

அத்தானின் கடிதத்தைப் படித்ததும் பையைக்கூட எடுக்காமல் பேருந்து ஏறினேன். நான் வந்தபோது வாசலில் போலீஸ் வண்டி நின்றது. கரையில் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே தெரிந்த செருப்பை வைத்துத்தான் அது அத்தான் என்று புரிந்துகொண்டேன். அதுவரை அது நீதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை வண்டியில் ஏற்றினார்கள். நீ என் பக்கம் திரும்பவில்லை.

பொடிசு என்னோடு இருக்கிறாள். இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். "வரையுற கை இல்ல சித்தி, விடு" என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

படம் எப்படி வந்தது என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். போன வருடம் தேர்வாகாத பிள்ளைகள் படத்தைத் திருப்பிக் கேட்டு அழுதார்கள். எல்லோருக்கும் திருப்பி அனுப்பலாமே என்று நான்தான் தலைமை நூலகருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் பதிலே சொல்லவில்லை, நானும் மறந்துவிட்டேன். இந்த வருடம் என்னிடம்கூடச் சொல்லாமல் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார். "உன் யோசனைதானேம்மா, நீ சந்தோஷப்படுவேன்னு பார்த்தேன்" என்று ஸ்டாம்ப் அண்ணன் கண் கலங்கினார். பரிசு பெற்றவை மட்டும்தான் கண்காட்சிக்காக எங்களிடம் தங்கின. ரேஞ்சர் மேஜையில் நான் வைத்திருந்தால் அந்தப் படம் உன் வீட்டுக்கு வந்திருக்காது.

என்ன நடந்தது என்று பொடிசு இன்னும் சொல்லவில்லை. நீ எழுது.

தங்கை


அக்டோபர் 19

தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். முதுகு ஆறுகிறது. இங்கே யாரும் என்னை அடிப்பதில்லை.

கேட்டாய், ஒரே தடவை எழுதுகிறேன். சிறையில் பிரிக்காமல் இருக்க ஒட்டி வக்கீல் அம்மா கையில் தருகிறேன். படம் வந்த அன்று அவர் கத்தவே இல்லை. அடுப்படியில் ஆணி அடித்து மாட்டி, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, படத்தில் நான் கிடக்கிற இடத்திலேயே என்னைப் படுக்கச் சொன்னார். "கோணலா படுக்காதே, அவ போட்ட மாதிரியே படு." பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் அடித்தார். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அடித்தார். தினமும் இது நடந்தது.

விடுமுறை நாள் காலையில் அவளைக் கரைக்கு இழுத்துப் போனார். "வாடி ஓவியக்காரி, ஒவ்வொரு புள்ளியா காட்டு." நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். முதல் பொறியில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. அவளையே எடுத்துப் போடச் சொன்னார். எடுத்துப் போட்டாள். அடுத்த பொறி வாயைத் திறந்தபடி இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளை மண்டி போடவைத்தார்.

"யாரு வரையச் சொன்னது? சித்தியா?"

"நான்தான்."

"உங்கம்மாவா?"

"நான்தாம்ப்பா."

அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். பயமுறுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இரும்பு மூடிய சத்தம் முதலில் கேட்டது. அவள் கத்தியது அதற்குப் பிறகு.

கரை வெட்டுகிற மண்வெட்டி அங்கேயே குத்தியிருந்தது. அதைப் பிடுங்கினேன். முதல் அடி அவர் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் விழுந்தது. திரும்பிப் பார்த்து, "என்னடி?" என்றார். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். அடுத்தது முகத்தில். அதற்கு மேல் எத்தனை என்று போலீஸ் கேட்டது. நான் எண்ணவில்லை. அவர் விழுந்த பிறகும் அடித்தேன். முகம் என்று ஒன்று இல்லாமல் போன பிறகும் அடித்தேன். கை ஓய்ந்தபோது நிறுத்தினேன்.

பொறியைத் திறக்க வந்தால் ரத்தத்தில் கை வழுக்குகிறது. பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, காலால மிதி. அப்பா அப்படித்தான் திறப்பார்."

இதை நீ படித்ததோடு சரி. போலீஸில் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் முன்பே தானாகப் பொறியில் கை விட்டுக்கொண்டாள், நான் அவரை அடித்தபோது அவள் வீட்டில் இருந்தாள், எதையும் பார்க்கவில்லை. அவளும் அதையே சொல்லவேண்டும். பெற்ற தகப்பனைப் பற்றி அத்தனை பேர் முன்னால் அவள் வாய் திறக்கவேண்டாம். அவள் அம்மா கொன்றதை அவள் வாயால் சொல்லவும் வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

அவளுக்குத் தலை வாரிவிடு. ஒற்றைக் கையால் அவளுக்குச் சடை போட வராது.

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறிவருகிறது என்று வக்கீல் அம்மா சொன்னார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. தலை தினமும் வாரிவிடுகிறேன். நான் சடையை இறுக்குகிறேனாம், அம்மா போடுகிற மாதிரி இல்லையாம்.

உனக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததல்ல. தெரிந்திருந்தது. எழுதப் பயமாக இருந்தது.

வக்கீல் அம்மா நேராகவே சொல்லிவிட்டார். "குழந்தை பேசலைன்னா இது புருஷனைப் பின்னாலிருந்து வெட்டிக் கொன்ன கேஸ். ஆயுள் போட்டுடுவாங்க. பேசினா, மகளைக் காப்பாத்தப் போன அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம்."

முன்பு ஒரு முறை நீ மறைக்கச் சொன்னாய், மறைத்தேன். இந்த முறை மாட்டேன். ஆனால் நானாக அவளைத் தள்ளவும் இல்லை. உன் கடிதத்தில் நீ அவளுக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். வக்கீல் சொன்னதையும் சொன்னேன். கையில் கட்டோடு ஜன்னலருகே உட்கார்ந்து கேட்டாள்.

"நான் வீட்டுல இருந்தேன்னு சொல்லணுமா?"

"அம்மா அப்படித்தான் கேக்கறா."

"சொன்னா அம்மா எப்ப வருவா?"

அவிழ்ந்திருந்த கட்டின் முனையைச் செருகிவிட்டேன்.

"நான் கரையிலதான் இருந்தேன் சித்தி" என்றாள். பிறகு, "அம்மாவுக்குக் கோபம் வரும், இல்ல?" என்றாள்.

வரும் என்றேன்.

அவள் பேசப்போகிறாள், அக்கா. நான் தடுக்கமாட்டேன். குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளி கொடுத்தனுப்பியிருக்கிறேன், போர்த்திக்கொள்.

தங்கை


நவம்பர் 24

கம்பளி வந்தது.

பன்னிரண்டு வருட அடியையும் அவள் காதில் விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கியவள் நான். எல்லாம் அவளுக்காக. அதை நீ சபையில் பேசவைக்கப் போகிறாய். நீ நிறையப் படித்தவள், உனக்கு நியாயம் தெரியும். எனக்கு என் பிள்ளை மட்டும்தான் தெரியும்.

அவளைக் கூண்டில் ஏற்றினால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை.

அவள் கைக்கு எண்ணெய் தடவிவிடு.


*

மார்ச் மாதம் பொடிசு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். பொறி எப்படி மூடும் என்று நீதிபதி கேட்டபோது இடது கையைத் தூக்கிக் காட்டினாள். என் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள். கொலைக்குற்றம் நிற்கவில்லை. நான்கு ஆண்டுத் தண்டனை கிடைத்தது. ரேஞ்சர் கரையிலிருந்த பொறிகளை எடுத்துப் போனார். அக்கா மாதம் தவறாமல் தன் மகளுக்கு எழுதுகிறாள். எனக்கு எழுதுவதில்லை.